அந்தத் தொலைபேசியும் பாதுகாப்புக் கருவிதான்

மதிப்பிற்குரிய மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கு,

ரேடார் பழுதானால் விமானங்களுக்கு இடையிலான தூரத்தை உடனே கூட்டுகிறார்கள். புறப்பாடுகளைத் தரையிலேயே நிறுத்திவைக்கிறார்கள். ஒரு கட்டுப்பாட்டு மையத்தை அடுத்த மையத்தோடு இணைக்கும் தொலைபேசி பழுதானாலும் அதே கண்டிப்பு வேண்டும். அதைப் பணியில் இருப்பவரின் விருப்பத்துக்கு விடக்கூடாது என்று கேட்கவே இந்த மடல். ஒரே உயரத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்களுக்கு ஐந்து கடல் மைல் இடைவெளி சுமார் இருபது நொடியில் தீர்ந்துவிடும். இரண்டும் ஒருவர் பொறுப்பில் இருந்தால் அவரே விலக்கிவிடுவார். இரு மையங்களின் எல்லைக்கு இப்புறம் ஒன்றும் அப்புறம் ஒன்றுமாக இருந்தால், இரு கட்டுப்பாட்டாளர்களும் பேசிக்கொண்டே ஆக வேண்டும்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் டிஹெச்எல் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் விடுமுறைக்குக் கிளம்பிய பிள்ளைகள். அந்த வான்பகுதி சுவிட்சர்லாந்தின் சூரிச் மையத்தின் பொறுப்பு. பராமரிப்புக்காக அங்கே முதன்மைத் தொலைபேசியை நிறுத்தியிருந்தார்கள். மாற்று இணைப்பிலோ கோளாறு. சக ஊழியர் ஓய்வுக்குப் போயிருக்க, தனியே இருந்த கட்டுப்பாட்டாளர் தாமதமாக வந்த வேறொரு விமானத்தை ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் நிலையத்திடம் ஒப்படைக்க, இணைப்புக் கிடைக்காத தொலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மோதலுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் இருக்கும்போதே அண்டையில் இருந்த ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே மையத்தின் திரையில் எச்சரிக்கை வந்தது. அங்கிருந்தவர் சூரிச்சை மறுபடி மறுபடி அழைத்தார், கிடைக்கவேயில்லை. பின்னர் சுவிஸ் நீதிமன்றம் தண்டித்தது சூரிச் மையத்தை நடத்திய ஸ்கைகைடு நிறுவனத்தின் நான்கு மேலாளர்களை. இதை உங்கள் அதிகாரிகள் கவனிக்கட்டும்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. வாஷிங்டன் ரீகன் விமான நிலைய டவருக்கும் பென்டகனுக்கும் இடையிலான ஹாட்லைன் 2022 மார்ச் முதல் வேலை செய்யாமல் கிடந்தது. 2025 மே மாதம் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றால் இரண்டு விமானங்கள் தரையிறங்காமல் மேலேற நேர்ந்த பிறகுதான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கே அது தெரிந்தது. அதே நிலையத்தருகே ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்த 2025 ஜனவரி விபத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாண்டு செத்துக் கிடந்த இணைப்பை யாருமே தேடவில்லை என்பதுதான் என் கவலை.

விமானத்திலேயே மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே என்பார்கள். 1996இல் சர்க்கி தாத்ரியில் இரு விமானங்கள் வானில் மோதி 349 பேரைப் பறிகொடுத்தபின் இந்தியா அதைக் கட்டாயமாக்கியது சரியான முடிவு. ஆனால் யூபர்லிங்கனில் இரு விமானங்களிலும் அது இருந்தது. ரஷ்ய விமானத்தைக் கருவி மேலேறச் சொல்ல, கடைசி நொடிகளில் ஆபத்தை உணர்ந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், விமானி இறங்கினார். சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. கருவியின் சொல்லே முதன்மை என்று பிறகு விதியைத் தெளிவாக்கினார்கள். கணினிகளே தகவல் பரிமாறுகின்றன என்ற வாதமும் உண்டு. வழக்கமான ஒப்படைப்புக்கு அது போதும். புயல்மேகத்தைச் சுற்றித் திடீரென விலகும் விமானத்தைப் பற்றிப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

வலுவான ஆட்சேபம் தாமதம்தான். 2025 நவம்பரில் டெல்லியில் தகவல் அமைப்பு முடங்கி நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமானபோது பயணிகள் பட்ட பாடு தெரிந்ததே. எந்த இணைப்பு போனால் மணிக்கு எத்தனை விமானம் குறைப்பது என்று முன்பே வரையறுத்துவிட்டால் குழப்பமாவது மிஞ்சாது. மாற்று இணைப்பில் பேசிப் பார்த்த பிறகே முதன்மை இணைப்பை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் எவரையும் தனியே பணியில் விடக்கூடாது. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே உள்ளது போன்ற அயல்நாட்டு எல்லைகளிலிருந்து இதைத் தொடங்கலாம்.