சும்மா இருக்கும் இரண்டு நாட்கள்

கொலராடோவின் ராக்கி மலைத்தொடருக்குக் கூடாரப் பயணம் செல்லத் திட்டமிட்டபோது, எங்களுக்குள் பூசல் மூண்டது ஒரே வரியால்: எஸ்டெஸ் பார்க்கில் இரண்டு நாட்கள் ஓய்வு. விடுப்பே ஆறு நாட்கள், அதில் இரண்டைச் சும்மா கழிப்பதா என்றனர் நண்பர் இருவர். டென்வரில் இறங்கிய மறுநாளே லாங்ஸ் சிகரத்தின் பாறைவெளியான போல்டர்ஃபீல்டில் கூடாரம் அடித்துவிடலாமாம்.

டென்வர் 5,280 அடி. போல்டர்ஃபீல்டு 12,700 அடிக்கும் மேல். கால்கள் ஏறிவிடும், இரத்தம் அத்தனை விரைவில் பழகாது. தலைவலி, குமட்டல் எனத் தொடங்கும் மலைநோய், முற்றினால் நுரையீரலில் நீர் கோப்பதுவரை போகும். உடல் வலிமை உள்ளவரையும் அது விடுவதில்லை. ஏறத்தாழ 7,500 அடியிலுள்ள எஸ்டெஸ் பார்க்கில் உறங்கி, பகலில் சற்று மேலேறி இறங்குவதையே நாங்கள் ஓய்வு என்று எழுதியிருந்தோம். சொல் பிழைதான்.

1873இல் இச்சிகரம் ஏறிய இசபெல்லா பேர்ட், அதற்குமுன் நாட்கணக்கில் மலையடிவாரத்தில் தங்கியவர். அப்படியும் வழிகாட்டி ஜிம் தம்மை இழுத்துத்தான் ஏற்றினார் என்று எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது. (எங்கள் குழுவில் அது அரிது.)

கரடி திறக்கவியலா உணவுக்கலன், உறைகுளிர் தாங்கும் உறக்கப்பை ஆகியவை வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் கோடைப் பிற்பகல்களில் இடிமின்னல் திரளும். மரமற்ற அவ்வுயரத்தில் ஒதுங்க இடமில்லை. விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் சிகரத்தைவிட்டு இறங்கியாக வேண்டும். தலைவலியோடு தள்ளாடுபவருக்கு அது இயலாது.

நாட்கள் போதாவெனில் சிகரத்தைக் கைவிடுவோம், அவ்விரண்டு நாட்களை அல்ல என்கிறோம். நண்பர் இருவரும் இன்னும் இசையவில்லை. அனுமதி விண்ணப்பம் நிரப்பப்படாமலே இருக்கிறது.