தொலைத்தவர் கேட்கும் ஆதாரம்

1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பல். 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போச்சு. நகல் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. பேக்கப் இல்லாமல் டேட்டாபேஸ் நடத்தினால் எங்கள் தொழிலில் வேலை போகும். அங்கே தண்டனை சிப்பாய்க்கு.

எஞ்சிய ஒற்றைத் தாளில் ஒரு காயமோ பதக்கமோ விடுபட்டிருந்தால், அவர் டிடி 149 படிவம் நிரப்பித் திருத்த வாரியத்திடம் போகணும். பிழை தெரிந்த மூன்று ஆண்டுக்குள் போகணும். தாமதத்தை மன்னிப்பது வாரியத்தின் கையில். அரசுத் தாள் சரி என்ற அனுமானத்தோடுதான் தரைப்படை வாரியம் விசாரணையையே தொடங்கும். தப்பென்று நிரூபிப்பது மனுதாரர் பாடு.

'குறை சொல்றவங்கதானே நிரூபிக்கணும்?' என்பீர்கள். ஆதாரம் அவர்கள் கையில் இருந்தால் சரி. இங்கே எழுதியதும் அரசு, பூட்டி வைத்ததும் அரசு, எரியவிட்டதும் அரசு. கிழவரிடம் மிஞ்சியது நாலு பழைய கடிதங்களும், உயிரோடு இருந்தால் ஒரு தோழரும்.

கோப்பு எரிந்த வழக்குகளில் நிரூபிக்கும் சுமை அரசுக்கு மாறணும். இது சலுகை இல்லை. கணக்கைத் தொலைத்த கணக்குப்பிள்ளை, கடன் கொடுத்தவரிடம் ரசீது கேட்கக் கூடாது.