சாய்ந்த தோள்

“ஓவியம் மேலே படிக்கப் போனால் ஆட்களை முன்னால் இருத்தி வரைய வேண்டுமாமே மாஸ்டர், அது எதற்கு?” வத்தேகமவில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் ரோயல் அக்கடமி 1768இல் தொடங்கியது. அங்கு ஆளைப் பார்த்து உடலை வரைய மாணவிகளுக்கு 1893இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் இடுப்பில் துணி சுற்றிய ஆளை. அங்கே படித்துத் திரும்பிய டேவிட் பெயின்டர்தான் கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவர்களில் நம் நாட்டு மனிதர்களின் சாயலில் உருவங்களைத் தீட்டினார்.

ஆளைப் பார்க்காமலும் வரையலாம். நமக்கு அதிக தூரமில்லாத தெகல்தொருவ குகை விகாரையில், 18ஆம் நூற்றாண்டில் தேவரகம்பொல சில்வத்தென தீட்டிய ஜாதகக் கதைகளைப் பாருங்கள். பரம்பரையாக வந்த கோடு அது. நிழல் இல்லை, உடலில் பாரம் இல்லை. கதை சொல்ல அது தாராளமாகப் போதும். குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் சில விஷயங்களை ஆள்தான் கற்றுத்தர வேண்டும். என் மாணவப் பருவத்துக் கரிக்கோட்டுப் படம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மூட்டை சுமக்கும் ஒருவர், சாரனோடு, சட்டையில்லாமல் முக்காலியில் இருக்கிறார். சந்தையில் எந்த நாளும் காணும் கோலம்தான். ஆனாலும் வகுப்பில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தபோதுதான் கண்டேன்: அவருடைய வலத்தோள் இடத்தோளைவிடத் தாழ்ந்திருந்தது. சும்மா இருக்கும்போதும் இறங்காத சுமை! சுண்ணாம்புச் சிலையை வைத்து வரைந்திருந்தால் அது தெரிந்திருக்குமா?

தாளின் மூலையில் என் பெயர் இருக்கிறது, ஆசிரியரின் புள்ளி இருக்கிறது. அவர் பெயர் இல்லை. அன்று வகுப்பில் எவரும் கேட்கவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சட்டம் போட்டு ஹோலில் மாட்டலாம் என்றாள் மருமகள். நான் சம்மதிக்கவில்லை. வீட்டுச் சுவரில் உருவப்படம் வேண்டாம் என்பது ஒரு காரணம். அதைவிட, அவர் உட்கார்ந்தது நாங்கள் படிப்பதற்காக. என் வீட்டை அழகுபடுத்த அல்ல. படம் பெட்டியிலேயே இருக்கிறது. படிக்க வரும் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுகிறேன். தோளைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.