ஸ்விட்ச் அப்புறம், டிரைவர் முதலில்

இறுதியாண்டு புராஜெக்ட் சீசன் வந்தாச்சு. இந்த வருஷம் வகுப்பில் பாதிப் பேர் வாயில் கேலியம் நைட்ரைடுதான். உள்ளங்கைக்குள் அடங்கும் 65 வாட் சார்ஜரைப் பார்த்து வந்த ஆசை, தப்பில்லை. ஆனால் எல்லோரும் 650 வோல்ட் ஸ்விட்சை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, டிரைவர் என்றதும் "அதான் ஐஆர் 2110 இருக்கே, டிஎல்பி 250 இருக்கே" என்கிறார்கள். என் கட்சி நேர் எதிர். டிரைவரை முதலில் முடிவு செய்யுங்கள்.

லேபில் நாம் பழகிய சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் கேட் பொதுவாக 20 வோல்ட் வரை தாங்கும். 12 கொடுத்தாலும் 15 கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஜிஎஸ் 66508 மாதிரி என்ஹான்ஸ்மென்ட் வகை கேலியம் நைட்ரைடுக்கு 6 வோல்ட் கொடுக்க வேண்டும், 7-ஐத் தாண்டக் கூடாது. இடைவெளி ஒரே ஒரு வோல்ட்! மேலே சொன்ன இரண்டு டிரைவருக்கும் குறைந்தது 10 வோல்ட் சப்ளை வேண்டும். 6 கொடுத்தால் டிரைவர் எழுந்திருக்காது; 12 கொடுத்தால் ஸ்விட்ச் அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

எங்கள் தளவானூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் செஞ்சிக் கோட்டையைச் சொன்னால் புரியும். ராஜகிரி எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன, உச்சிக்குப் போகப் பாறைப் பிளவின் மேல் கிடக்கும் சின்னப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். 650 வோல்ட் மலைக்கும் அந்த 7 வோல்ட் கேட்தான் பாலம்.

அடுத்தது வேகம். 400 வோல்ட் 4 நானோ விநாடியில் மாறினால், நானோ விநாடிக்கு 100 வோல்ட். டிஎல்பி 250 உறுதி சொல்வது வெறும் 5-க்கு. ஐஆர் 2110 சொல்வது 50-க்கு. டிரைவரின் தனிமைத் தடுப்புக்குக் குறுக்கே 1 பிகோஃபாரட் இருந்தாலே அந்த வேகத்தில் 0.1 ஆம்பியர் பாயும். ஆஃப் ஆக இருக்க வேண்டிய ஸ்விட்ச் திடீரென்று ஆன் ஆகும், மேலும் கீழும் சேர்ந்து ஷார்ட். அதனால் 100-க்கு மேல் தாங்கும் டிரைவராகத் தேடுங்கள்.

யாரும் பேசாத வில்லன் பூட்ஸ்ட்ராப். இந்த வகை ஸ்விட்சுக்குள் பாடி டையோடு கிடையாது. டெட் டைமில் கீழ் ஸ்விட்ச் பின்பக்கமாகக் கடத்தும்போது 2 வோல்ட்டுக்கு மேல் இறங்கும்; ஸ்விட்ச் நோடு தரைக்கும் கீழே போகும். மேல் பக்கக் கெப்பாசிட்டர் அந்த உபரியையும் சேர்த்துச் சார்ஜ் ஆகி 7-ஐத் தாண்டும். ஸீனர் வைத்தோ, தனி ரெகுலேட்டர் வைத்தோ அடக்க வேண்டும். ஆஃப் ஆகும்போது நெகட்டிவ் வோல்ட் கொடுத்தால் பாதுகாப்பு என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பின்பக்க இறக்கமும் அதே அளவு கூடி, நஷ்டம் ஏறும்.

இதெல்லாம் தலைவலி என்றால் கேஸ்கோடு வகை இருக்கிறது (2024-ல் ரெனேசாஸ் வாங்கிய டிரான்ஸ்ஃபார்ம் இதில் பேர்போனது). உள்ளே தொடராக ஒரு குறைந்த வோல்ட் சிலிக்கான் மாஸ்ஃபெட் இருப்பதால் 12 வோல்ட் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கேட் ரெசிஸ்டரை மாற்றி வேகத்தைக் குறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

நம்மைப் போலக் கையால் சால்டர் பண்ணுகிறவர்களுக்கு என் ஓட்டு டிரைவர் உள்ளேயே இருக்கும் சிப்புக்கு: டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் எல்எம்ஜி 3410, நாவிடாஸ் சிப்புகள் மாதிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரைவருக்கும் கேட்டுக்கும் நடுவே 5 நானோஹென்றி, அதாவது சில மில்லிமீட்டர் வயர். கரண்ட் நானோ விநாடிக்கு 1 ஆம்பியர் மாறினால் அதில் மட்டும் 5 வோல்ட் எழும்பும். நம்மிடம் இருப்பதோ ஒரு வோல்ட்! "சிப் விலை அதிகம்" என்பவர்கள் எரியப்போகும் ஸ்விட்சுகளின் விலையையும் கூட்டிப் பார்க்கட்டும் :-)

"எல்லாம் உள்ளேயே இருந்தால் நாம் என்ன கற்றுக்கொள்வது?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. கேட்டின் குணத்தை மாற்றுவதே பெரிய ஆராய்ச்சி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் அலுமினியம் டைட்டானியம் ஆக்சைடு கேட் பற்றி 2019-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஆசை இருப்பவர்கள் தனி ஸ்விட்ச், தனி டிரைவர் என்று தாராளமாக இறங்கலாம். ஆனால் முதல் போர்டை 400 வோல்ட்டில் போடாமல் 48-ல் ஓட்டி, கேட்டில் ஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.