பெங்களூர் போயும் பஃபே தானா?

நம்மாளுங்க ஆணி புடுங்க பெங்களூர் போயிட்டு வந்தா ஒரே பாட்டுதான்: "டிராஃபிக் தாங்கலப்பா, பார்க்க ஒண்ணும் இல்ல." அஞ்சு நாளும் ஹோட்டல் பஃபேல ஆறிப்போன இட்லி, சாயங்காலம் மால். அப்புறம் ஊரைக் குறை சொன்னா எப்படி சாமி?

நானும் அப்படித்தான் இருந்தேன். போன வருஷம் என் பொண்ணு கேட்டா, "காவேரிக்கு சண்டை போடுற ஊர்தானேப்பா?" நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். கூசிப்போச்சு.

அமெரிக்காலேர்ந்து போறவங்களுக்கு ஜெட்லாக் ஒரு வரம். நாலு மணிக்கே முழிப்பு வந்துடும். புரண்டு படுக்காம லால்பாக் போங்க. ஹைதர் அலி 1760-ல ஆரம்பிச்சது, இப்ப 240 ஏக்கர். உள்ள இருக்கிற பாறைக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம்! பக்கத்துலயே 1924-லேர்ந்து இருக்கிற எம்.டி.ஆர். உலகப்போர்ல அரிசி தட்டுப்பாடு வந்தப்போ ரவா இட்லி பிறந்தது அங்கதான்னு சொல்வாங்க. கொஞ்சம் தள்ளி காந்தி பஜார்ல வித்யார்த்தி பவன், மொறுமொறு தோசை. ஆபீஸ் ஒயிட்ஃபீல்டா? மெஜஸ்டிக்ல மாறினா மெட்ரோலயே போயிடலாம். சாக்கு சொல்லாதீங்க.

ஒரு சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரை. 18 வருஷம் மூடிக்கிடந்த நம்ம வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9-ல திறந்தாங்க. நாலே நாள்ல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. சண்டையை மட்டும் சொல்ற நாம இதை ஏன் சொல்றதில்ல?

அடுத்த தடவை புள்ளைங்களுக்கு மைசூர்பாகோட இந்தக் கதையையும் கொண்டு வாங்க. என்ன நான் சொல்றது? :-)