மாமாவின் பென்ஷன்

பி.காம். படித்து நான் கண்ட பலன், 'சி' ஃபாரத்துக்காக நாயாய் அலைந்ததுதான். அந்த ஃபாரம் இருந்தால் வெளிமாநில விற்பனைக்கு மத்திய விற்பனை வரி 2 சதவிகிதம். சொந்த டிப்போவுக்குச் சரக்கை மாற்றினாலோ அந்த வரியே கிடையாது. விடுவார்களா கம்பெனிக்காரர்கள்? மாநிலத்துக்கு ஒரு குடோன்! பாண்டிச்சேரியில் மாமாவின் தகர ஷெட்டுக்குக்கூட ஒரு சோப்பு கம்பெனி வாடகை தந்தது. "இதான்டா என் பென்ஷன்" என்பார்.

2017 ஜூலை 1. ஜி.எஸ்.டி. வந்தது, அந்த 2 சதவிகிதம் போயிற்று. சின்னச் சின்ன குடோன்களை மூடிவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ராட்சச குடோன்களுக்குப் போனார்கள். மாமாவின் ஷெட்டில் பூட்டு.

"வரி போட்டா ஊரே அழும். வரியை எடுத்ததுக்கு அழறவன் நான் ஒருத்தன்தான்டா மாப்ளே!"

சிரித்துவிட்டேன். அத்தையின் மாத்திரைச் செலவே அந்த வாடகையில்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.