தண்ணீர் வேறு, குடிநீர் வேறு

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணி வட்டாரத்தின் பட்டு நெசவு ஊர்களில் ஒன்று தேவிகாபுரம். பட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல என்பது நன்றாகத் தெரியும். நூலைத் தறியில் ஏற்றுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேக வைத்து, அதன் இயற்கைப் பசையைப் போக்க வேண்டும். இதில் எடை ஏறத்தாழக் கால் பங்கு குறையும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. சாயமும் சீராகப் பிடிக்காது. நூலுக்கே நல்ல தண்ணீர் பார்க்கும்போது, நெய்கிறவரின் குழந்தைக்குப் பார்க்க வேண்டாமா?

கண்ணுக்குத் தெளிவாக இருப்பது தண்ணீர். சோதனையில் தேறியதே குடிநீர். இதற்கு இந்தியத் தர நிறுவனம் 2012-ல் திருத்திய அளவுகோல் உண்டு. லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம்; வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம். புளோரைடு 1 மில்லிகிராம், மிஞ்சினால் 1.5. நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது.

"காய்ச்சிக் குடித்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் புளோரைடும் போகா. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும். புளோரைடு மிகுந்த நீரால் பல்லும் எலும்பும் கெடுவதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நெடுங்காலம் அனுபவித்தன. அங்கே காவிரி நீரைக் கொண்டுபோகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது.

பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28-ல் தீர்மானித்தது. 2019 ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டமோ, கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதுவும் தர அளவுகோலின்படி, வீட்டுக் குழாயில் வர வேண்டும் என்கிறது. ஆனால் குழாயை எண்ணுவது எளிது. குழாயில் வரும் நீரைச் சோதிப்பதில்தான் சிரமம். எண்ணிக்கை ஏறியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால், வசதியுள்ளவர் கேன் வாங்குவார். கூலிக்கு நெய்கிறவர் வருவதைக் குடிப்பார்.

கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தர அத்திட்டத்திலேயே இடமிருக்கிறது. அவர்கள் கண்ட முடிவு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலும் எழுதப்பட வேண்டும். சாயக் கழிவு கிணற்றுப் பக்கம் போகாமல் காப்பதும் ஊரின் கடமையே. இவை நடக்கும்வரை, குழாயில் வருவதைத் தண்ணீர் என்று சொல்லலாம். குடிநீர் என்று சொல்வதற்கில்லை.